பக்கத்தில் நிற்பவர்

அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தின் முன் வந்து நிற்பவர்களைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்துப் பாருங்கள். பலருடைய கண் முதலில் ஓவியத்தைத் தொட்டுவிட்டு உடனே பக்கத்துச் சுவருக்குப் போகும். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு லேபிள் இருக்கும். அதைப் படித்த பிறகே மறுபடி ஓவியத்துக்குத் திரும்புவார்கள். அதன்பின் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் லேபிள் பார்க்கச் சொன்னதைத்தான்.

அந்த லேபிளை எழுதக் கற்றுத்தரும் முதுகலைப் படிப்புகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. இந்தியாவில் பரோடா பல்கலைக்கழகம் 1952இலேயே அருங்காட்சியகவியலுக்குத் துறை தொடங்கியது. புதுதில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம் 1989இல் வந்தது. கலை வரலாறு, அருங்காட்சியகவியல், க்யூரேட்டிங் என்று பட்டத்தின் பெயர் எதுவானாலும், கலையைப் பற்றிப் பார்வையாளருக்கு எழுதுவது அதில் ஒரு பயிற்சி. விதிகள் எளிமையானவை. ஐம்பது முதல் எழுபத்தைந்து சொற்களுக்குள் முடிக்க வேண்டும். படிப்பவர் நின்றுகொண்டிருக்கிறார், கால் வலிக்கும், பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. கலைச்சொற்களால் மிரட்டக் கூடாது. ஒரு லேபிளில் ஒரு கருத்து போதும். கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல விதிகள்தாம். கவிதை எழுதுகிறவளாக எனக்கு இவற்றின்மீது மரியாதை உண்டு. ஆனால் இவை எல்லாமே படிப்பவர்மீது நமக்குள்ள கடமையைப் பற்றியவை. ஓவியத்துக்குள் இருப்பவர்மீது எழுதுபவருக்கு ஏதாவது கடமை உண்டா? அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அவருக்கு வாரிசுகள் இருந்தார்களா என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். லேபிளைப் படித்து ஆட்சேபிக்க அவர் வரப்போவதில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு நாம் எதற்குக் கடன்பட்டிருக்கிறோம்? இது எழுத்துத் திறன் பற்றிய கேள்வி மட்டுமல்ல, அறம் பற்றியதும்கூட.

லேபிளின் மேற்பகுதியை அத்துறையினர் ‘கல்லறைக் கல்’ என்று சொல்வதுண்டு. கலைஞரின் பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், படைப்பின் தலைப்பு, காலம், எதில் செய்யப்பட்டது, யார் நன்கொடையாக அளித்தது, சேகரிப்பு எண் என்று அதில் வரிசை இருக்கும். இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படித்தால் அதன் அரசியல் தெரியும். பணம் கொடுத்தவருக்கு அங்கே நிரந்தர இடம் உண்டு. மணிக்கணக்கில் அசையாமல் நின்றோ கிடந்தோ அந்த ஓவியத்தைச் சாத்தியமாக்கிய மாடலுக்கு இடமே இல்லை. யாரோ கெட்ட எண்ணத்தோடு அவரை நீக்கிவிடவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டமே போடப்படவில்லை. பெண்களின் உழைப்பு வரலாற்றில் காணாமல்போகும் வழிகளில் இதுதான் மிகவும் சாதாரணமானது. வீட்டு வேலைக்குக் கணக்கெடுப்பில் கட்டம் இல்லாதது போல.

‘லேபிளே வேண்டாம், ஓவியம் தானே பேசட்டும்’ என்று சொல்லும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. என் கவிதைக்குப் பக்கத்தில் யாராவது பொழிப்புரை எழுதி ஒட்டினால் எனக்கும் கோபம் வரும். ஆனால் சும்மா இருக்கும் லேபிளும் பேசுகிறது. 1992இல் பால்டிமோர் நகரில், மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த பொருள்களைக் கொண்டு ஃப்ரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர் ஒரு கண்காட்சி அமைத்தார். நுண்வேலைப்பாடு கொண்ட வெள்ளிக் குவளைகள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள், அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்குகளையும் வைத்தார். லேபிளில் எழுதியது இவ்வளவுதான்: ‘உலோக வேலைப்பாடு, 1793–1880.’ அதில் பொய் எதுவும் இல்லை. வெள்ளியும் இரும்பும் உலோகம்தானே. நடுநிலை என்று நாம் நம்பும் மொழி எதையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் என்று காட்ட அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

இனி ஓர் ஓவியத்துக்குப் போவோம். எதுவார் மானே 1863இல் வரைந்த ‘ஒலிம்பியா’ இன்று பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை விரிப்பின்மேல் ஆடையின்றிச் சாய்ந்து, நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார் ஒரு பெண். கழுத்தில் கறுப்பு நாடா, தலையில் ஒரு பூ. கட்டிலின் கால்மாட்டில் கறுப்புப் பூனை. கட்டிலுக்குப் பின்னால், வெளிர்நிற உடையும் தலைக்கட்டும் அணிந்த கறுப்பினப் பெண் ஒருவர் காகிதம் சுற்றிய பூங்கொத்தை ஏந்தி நிற்கிறார். 1865இல் இது அரசுக் கண்காட்சியான சலோனில் வைக்கப்பட்டபோது ஊரே கொதித்தது. காவலர்களை நிறுத்த வேண்டி வந்தது. தெய்வமாகவோ புராணப் பாத்திரமாகவோ மாறாமல், பாரிஸில் உடலை விற்கும் ஒருத்தியாக ஒரு பெண் திரும்பிப் பார்த்ததை அவர்களால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து இந்த ஓவியத்தைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். கிடப்பவரின் பார்வை, கை, நிறம், வர்க்கம் எல்லாம் அலசப்பட்டன. அந்த மாடலின் பெயர் விக்டோரின் மெரான் என்பதும் தெரிந்தது. அவரும் ஓவியர்தான். 1876ஆம் ஆண்டு சலோனில் மானேயின் படங்கள் நிராகரிக்கப்பட்டபோது மெரானின் படம் ஏற்கப்பட்டது. நிற்பவரோ பின்னணியாகவே இருந்தார். மானேயின் பக்கம் நின்று வாதாடிய எமிலி ஸோலாகூட, ஓவியருக்குக் கறுப்புத் திட்டுகள் தேவைப்பட்டன, அதனால் ஒரு மூலையில் அந்தப் பெண்ணையும் பூனையையும் வைத்தார் என்ற பொருள்பட 1867இல் எழுதினார். பெண்ணும் பூனையும் ஒரே கணக்கில் வந்தார்கள்.

பெண்ணியம் வந்ததும் இது தானாக மாறிவிடவில்லை. கிடப்பவரின் விடுதலையைப் பற்றிப் பேசிய பல எழுத்துகளும் நிற்பவரைத் தாண்டித்தான் போயின. 1992இல் லொரெய்ன் ஓ’கிரேடி என்ற கறுப்பினக் கலைஞர் ‘ஒலிம்பியாவின் பணிப்பெண்’ என்பதையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதி, வெள்ளைப் பெண்ணுடலைப் பற்றிய பேச்சே ‘பெண்’ணைப் பற்றிய பேச்சாகிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். நமக்கும் இது அந்நியமான குற்றச்சாட்டு அல்ல. ‘பெண்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எந்தச் சாதிப் பெண் கட்டிலில் இருக்கிறாள், எந்தச் சாதிப் பெண் பின்னால் நிற்கிறாள் என்று தலித் பெண்ணியவாதிகள் இங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டெனிஸ் மரெல் வணிக உலகில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கலை வரலாறு படிக்க வந்தவர். ஒலிம்பியாவைப் பற்றிய பாடங்களில் நிற்பவரைப் பற்றிப் பேச்சே எழாதது அவரை உறுத்தியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு அந்த உறுத்தலிலிருந்து வளர்ந்தது. மானே தன் குறிப்பேட்டில் அந்தப் பெண்ணின் பெயரை ‘லோர்’ என்று எழுதிவைத்திருந்தார், வெந்திமீய் தெரு, 11ஆம் எண் என்று முகவரியோடு. ஓவியரின் ஸ்டுடியோவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது 1848இல். அதற்குப் பதினைந்தே ஆண்டுகள் கழித்து, வடக்கு பாரிஸில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின உழைப்பாளிகளில் ஒருவராக லோரை வைத்துப் பார்க்க மரெலின் ஆய்வு வழிசெய்தது. மானே அவரை மூன்று ஓவியங்களில் வரைந்திருக்கிறார் என்பதும் அதில் பேசப்பட்டது.

அந்த ஆய்வேடு அலமாரியில் தூங்கவில்லை. 2018இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாலக் கலைக்கூடத்தில் கண்காட்சியாக மாறியது. 2019இல் விரிவான வடிவில் ஒர்சேவுக்கே வந்தது. ஒரு மாணவியின் கேள்வி, ஓவியம் தொங்கும் கட்டடத்துக்குள்ளேயே போய் அங்கிருந்த லேபிள்களை மாற்றியது. முதுகலைப் படிப்பும் ஆய்வும் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் மாணவிகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

ஒர்சே கண்காட்சியில் இன்னொரு பெயரும் மாறியது. மரீ-கியெமீன் பெனுவா என்ற பெண் ஓவியர் 1800ஆம் ஆண்டு சலோனில் காட்சிக்கு வைத்த படம், ‘ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்’ என்ற பெயரில் அறியப்பட்டிருந்தது. பிரான்ஸ் முதல்முறை அடிமை முறையை ஒழித்தது 1794இல். நெப்போலியன் அதை மறுபடி கொண்டுவந்தது 1802இல். இடைப்பட்ட குறுகிய காலத்தில் வரையப்பட்ட முகம் அது. குவாதலூப் தீவிலிருந்து ஓவியரின் உறவினர் வீட்டார் கூட்டிவந்த மாத்லேன் என்ற பெண் அவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓவியரும் பெண், மாடலும் பெண். ஒருவர் பெயர் இருநூறு ஆண்டுகள் சுவரில் இருந்தது, மற்றவருக்கு நிறம்தான் பெயர். அதற்காகப் பெனுவாவைக் கொடியவராக்க எனக்கு மனமில்லை. கணவருக்கு அரசில் உயர்பதவி கிடைத்ததும் படங்களைக் காட்சிக்கு வைப்பதையே நிறுத்த நேர்ந்தவர் அவர். ஒடுக்கப்பட்டவர் இன்னொருவரை மறைக்கவும் முடியும் என்பதற்கு அந்தப் படம் சாட்சியாக இருக்கிறது.

கண்காட்சியில் புதிய தலைப்பாக ‘மாத்லேனின் உருவப்படம்’ என்று எழுதியவர்கள் பழைய தலைப்புகளை அழித்துவிடவில்லை. அவற்றையும் லேபிளிலேயே கொடுத்தார்கள். இது முக்கியம் என்று நினைக்கிறேன். ‘இன்றைய நியாயத்தை நேற்றின்மேல் திணிக்கிறீர்கள்’ என்று குறை சொல்பவர்களுக்கு இதுவே பதில். நேற்று எப்படி அழைத்தார்கள் என்பதும் வரலாறு. இழிசொல்லைத் துடைத்துவிட்டால் இழிவு செய்தவர்களுக்குத்தான் வசதி.

இதுவரை படித்த தோழிகள் என்னோடு உடன்பட்டிருப்பீர்கள். இனிச் சொல்லப்போவது நம் பக்கத்துச் சிக்கல்.

லோரைப் பற்றி உறுதியாகத் தெரிவது மிகக் குறைவு. ஒரு பெயர், ஒரு முகவரி, மூன்று ஓவியங்கள், ஓவியரின் சில சொற்கள். அவர் என்ன நினைத்தார், யாரை நேசித்தார், அந்தக் கட்டிலருகே நின்றபோது கோபப்பட்டாரா, கூலி சரியாகக் கிடைத்ததா என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்த வெற்றிடம் நம்மைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறது. அவர் கண்ணில் ஏக்கம், தோளில் தலைமுறைகளின் வலி, இதழோரத்தில் மௌனக் கலகம் என்று எழுதிவிடலாம். எழுதினால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது லோர் அல்ல. லோரின் வாயில் நாம் வைத்த நம் வாக்கியம். ஆண் கவிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பெண்குரலில் பாடி, பெண்ணின் ஏக்கம் இன்னதென்று நமக்கே கற்றுக்கொடுத்ததைக் கேள்வி கேட்ட நாம், அதே காரியத்தை இன்னொரு பெண்ணுக்குச் செய்யலாமா? கவிதையில் கற்பனைக்கு உரிமை உண்டு. அது கவிதை என்று படிப்பவருக்குத் தெரியும். லேபிளில் கையெழுத்து கிடையாது. நிறுவனமே பேசுவது போன்ற குரல் அதற்கு. அங்கே எழுதும் யூகம் உண்மையாகப் பதிந்துவிடும்.

மறைப்பது ஒரு தவறென்றால், நாமே நிரப்பிவிடுவது இன்னொரு தவறு. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறதா?

என் முதுகலைத் தமிழ் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒலிம்பியாவின் அச்சுப்படத்தைக் காட்டி, தெரிந்த தகவல்களைச் சொல்லி, அறுபது சொற்களில் தமிழில் லேபிள் எழுதச் சொன்னேன். நிற்பவரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. வாசிக்கத் தொடங்கியதும் காதில் ஒன்று இடித்தது. எல்லாருடைய லேபிளிலும் மானே ‘வரைந்தார்’. லோர் ‘நிற்கிறாள்’, ‘நீட்டுகிறாள்’. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. தமிழில் வினைமுற்றுக்கு வந்ததும் மரியாதையா இல்லையா என்று முடிவு செய்தே ஆகவேண்டும்.

“அவள்னு எழுதினாத்தான் மேம் நெருக்கமா இருக்கு. அவர்னா தாலுகா ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கு” என்றாள் ஒருத்தி. “அப்ப மானேவையும் அவன்னு எழுது, அவரும் நெருக்கமாகட்டும்” என்றாள் பக்கத்திலிருந்தவள். வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த மாணவி சிரிக்கவில்லை. “எங்கம்மா நாலு வீட்ல வேலை பாக்கறாங்க. அந்த வீடுகள்ல எங்கம்மாவ வந்தா, போனான்னுதான் சொல்வாங்க. நான் அவர்னுதான் எழுதுவேன்” என்றாள். அதற்குப் பிறகு யாரும் விவாதிக்கவில்லை. அவளே இன்னொன்றையும் கவனித்தாள்: பணிப்பெண் என்பது படத்திலுள்ள வேடம்தானே, அந்த அறையில் லோர் செய்த வேலை மாடலாக நிற்பதுதானே என்று. அவள் திருத்தி எழுதிய லேபிள் இப்படி முடிந்தது: ‘பூங்கொத்தை அனுப்பியவர் யார் என்று ஓவியம் சொல்லவில்லை. அதை ஏந்தி நிற்பவராக மானேவுக்கு மாடலாக இருந்தவர் பெயர் லோர். அவர் முழுப்பெயர் அந்தக் குறிப்பில் இல்லை.’

நான் தேடிய நடுவழி அதில் இருந்தது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்றே சுவரில் எழுதுவது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்கப் பாடல்களின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்புகள் ஒருவகையில் லேபிள்கள்தாம். பேசுவது தலைவியா தோழியா, எந்தச் சூழலில் என்று பின்னால் வந்தவர்கள் எழுதி வைத்தவை. நாமும் அவற்றைப் படித்துவிட்டுத்தான் பாட்டைப் பார்க்கிறோம். சில பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் பெயரைப் புனையவில்லை, வெறுமனே விடவும் இல்லை. பாட்டிலிருந்த ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார். அவர்கள் ஆணா பெண்ணா என்பதுகூட நமக்குத் தெரியாது. ஆனால் ஈற்றில் ஒரு ‘ஆர்’ இருக்கிறது. தெரியாதவருக்கும் மரியாதை, சான்றில் இருப்பதிலிருந்தே பெயர். லேபிள் எழுதப் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறானது புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலச் சிலை, உயரம் 10.5 செ.மீ. இடக்கை முழுக்க வளையல்கள், வலக்கை இடுப்பில், தலை சற்றே நிமிர்ந்திருக்கிறது. ‘ஆடும் பெண்’ என்று பெயர். அந்த உருவம் ஆடவில்லை, நிற்கிறது. அந்நாகரிகத்தின் எழுத்தை இன்னும் யாரும் ஐயமறப் படிக்கவில்லை. ஆடையற்று இடுப்பில் கைவைத்து நிற்பவள் ஆட்டக்காரியாகத்தான் இருப்பாள் என்பது காலனியக் கால அறிஞர்களின் யூகம். அதே ஊரில் கிடைத்த தாடி வைத்த ஆணின் கற்சிலை கராச்சியில் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பூசாரி அரசன்’. அவர் பூசாரி என்பதற்கும் சான்றில்லை, அரசன் என்பதற்கும் சான்றில்லை. யூகம் இரண்டிலும் யூகம்தான். ஆணுக்குக் கோயிலும் அரியணையும் கிடைத்தன, பெண்ணுக்குச் சதங்கை. அந்தப் பெயர்களைத்தான் நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். நம் தொகுப்பாசிரியர்கள் பெயர் வைத்திருந்தால் ‘கைநிறை வளையலார்’ என்று வைத்திருப்பார்களோ என்னவோ.

நல்ல லேபிளால் எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உடலமைப்புக்காக மேடைகளில் காட்சிப்பொருளாக்கப்பட்ட சாரா பார்ட்மன் 1815இல் பாரிஸில் இறந்தார். அதன்பிறகும் காட்சி ஓயவில்லை. அவர் எலும்புக்கூடும் உடல் வார்ப்பும் அந்நகர அருங்காட்சியகத்தில் 1970கள் வரை மக்கள் பார்வைக்கு இருந்தன. அங்கே அவர் பெயரை எழுதியிருந்தாலும், ‘ஆர்’ விகுதி போட்டிருந்தாலும், என்ன நியாயம் கிடைத்திருக்கும்? அவருக்குத் தேவைப்பட்டது மண். 2002இல் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பி அடக்கம் செய்யப்பட்டார். எதற்கு லேபிள் எழுத வேண்டும் என்று தெரிந்திருப்பது போலவே, எதற்கு எழுத மறுக்க வேண்டும், எதைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருப்பதும் அந்தப் படிப்பின் பகுதியாக வேண்டும்.

கலைக்கூடங்களுக்கு எழுதப் படிக்கப்போகும் மாணவிகள் உங்களில் இருக்கலாம். மொழியைச் சுருக்கவும் தெளிவாக்கவும் உங்களுக்குக் கற்றுத்தருவார்கள், கற்றுக்கொள்ளுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த வாக்கியத்தில் எழுவாய் யார்? ‘கொண்டுவரப்பட்டது’, ‘பெறப்பட்டது’ என்று எழுதும்போது கொண்டுவந்தவரும் பெற்றவரும் எங்கே ஒளிந்திருக்கிறார்கள்? இதில் எது சான்று, எது என் ஆசை?

நிரப்பக் கொடுக்கும் படிவத்தில் கலைஞர், தலைப்பு, ஆண்டு, நன்கொடையாளர் என்று கட்டங்கள் வரும். அவற்றுக்குக் கீழே பேனாவால் இன்னொரு கட்டம் போட்டு ‘மாடல்’ என்று எழுதுங்கள். பல நேரம் அதில் ‘பெயர் கிடைக்கவில்லை’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள். அதைப் படிக்கும் யாரோ ஒருத்தி தேடப் போவாள்.